பாக் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு புள்ளி

கேள்வி (தக்கலையிலிருந்து ஒரு வாசகர்)

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நேற்று இரவு வரைபடத்தில் இடம் குறிக்கும் வீட்டுப்பாடம். பாக் நீரிணை என்ற பெயரைப் பார்த்துவிட்டு, “பாகிஸ்தான் வடக்கே அல்லவா இருக்கிறது, அதன் கடல் எப்படி ராமநாதபுரத்துக்கு வந்தது?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொரு சந்தேகம் என்னுடையது. கன்னியாகுமரியில் வங்கக்கடல் வந்து சேர்கிறது என்கிறார்கள். பாக் நீரிணையும் வங்கக்கடலில்தான் என்கிறார்கள். அப்படியானால் அது நம் மாவட்டத்துக்குப் பக்கத்தில்தானே இருக்க வேண்டும்? ஒருநாள் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா?

2025 மார்ச் 3

பாகிஸ்தானுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ராபர்ட் பாக் என்ற ஆங்கிலேயர் 1763 முதல் 1767 வரை சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்தார். அவர் பெயர்தான். நீரிணைக்கு அந்தப் பெயர் விழுந்த காலத்தில் பாகிஸ்தான் என்ற சொல்லே பிறக்கவில்லை.

மகளை ஒன்றும் சொல்லாதீர்கள். இந்தக் குழப்பத்தில் எனக்கும் பங்கு உண்டு. நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் நாற்பது ஆண்டுகள் பிழை திருத்தினேன். பாகிஸ்தானைச் சுருக்கி எழுதும்போது செய்தித்தாள் வழக்கப்படி ‘பாக்.’ என்று புள்ளி வைப்போம். ஒருமுறை சமூக அறிவியல் வழிகாட்டி நூல் ஒன்று வந்தது. இரவு பதினோரு மணி, கரண்டு போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. கண் ‘பாக்’ என்ற சொல்லைப் பார்த்தது, கை தானாகப் புள்ளி வைத்தது. ஒரே பாடத்தில் ஏழு இடங்களில் ‘பாக். நீரிணை’. அச்சாகி, தைத்து, கடைக்குப் போன பிறகு ஓர் ஆசிரியர் அஞ்சலட்டை எழுதினார்: “நீரிணையைப் பார்க்க விசா வேண்டுமா?” அந்த அட்டையை முதலாளி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார். நான் ஓய்வு பெறும் வரை அது அங்கேயே இருந்தது.

இரண்டாவது கேள்விக்கு நாளை வருகிறேன். கண் வலிக்கிறது.

மார்ச் 4

நாளை என்றேனே தவிர இன்றும் முதல் கேள்வியை விட்டு நகர முடியவில்லை. ஒருவர், “பால்க் என்பதுதான் சரி, நீர் தப்பாகச் சொல்கிறீர்” என்று எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்குள் ஒரு ‘ல்’ ஒளிந்திருக்கிறது. எழுதுவார்கள், வாயால் விழுங்கிவிடுவார்கள். சில பழைய தமிழ்ப் புத்தகங்கள் எழுத்தைப் பார்த்துப் ‘பால்க்’ என்றன. பிறகு வந்தவை ஒலியைக் கேட்டுப் ‘பாக்’ என்றன. இலங்கைத் தமிழர்கள் ‘பாக்கு நீரிணை’ என்று எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். பாக்குக்குப் பின்னால் புள்ளி வைக்க எந்தப் பிழைதிருத்துபவனுக்கும் கை வராது.

இந்த பாக் என்பவர் இந்தியாவுக்கு வந்தது மதகுருவாக. பிரசங்கம் செய்ய வந்தவர் ஆளுநராகிப் பணத்தோடு ஊர் திரும்பி, பிறகு பாரனெட் என்ற பரம்பரைப் பட்டமும் வாங்கினார். தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் அவருக்கு உயிர் நண்பர். மகனுக்கே லாரன்ஸ் என்று பெயர் வைத்தார். தளபதியும் சொத்தை அந்தக் குடும்பத்துக்கே எழுதி வைத்தார். பாக் ஆளுநராக இருந்த 1764இல்தான் மதுரையில் மருதநாயகம் எனப்படும் கான் சாகிப்பைத் தூக்கில் போட்டார்கள். இத்தனைக்கும் நாம் அன்று அவர் கைக்குள் இல்லை. நமக்குத் திருவிதாங்கூர், மன்னர் தர்மராஜா. தர்மராஜாவும் பாக்கும் இறந்தது ஒரே ஆண்டில், 1798இல். இதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 9

சரி, இடம்.

வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாசல் வடகிழக்கே. ஒரு நிலை கோடியக்கரை, மறு நிலை யாழ்ப்பாணக் குடாநாடு. அந்த வாசல்தான் பாக் நீரிணை. உள்ளே நுழைந்தால் பெரிய கூடம், அது பாக் விரிகுடா. தொண்டி, தேவிபட்டினம் எல்லாம் கூடத்துச் சுவர்கள். கச்சத்தீவு கூடத்துக்குள் கிடக்கும் ஒரு மணை. பின்வாசல் தெற்கே. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் முப்பது கிலோமீட்டர். ஆனால் அந்தப் பின்வாசலில் மணல்திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. ராமர் பாலம், ஆதாம் பாலம், சேது என்று அவரவர் வசதிப்படி சொல்வது அதைத்தான். அதைத் தாண்டிப் பின்கட்டில் இறங்கினால் மன்னார் வளைகுடா.

வாசலையும் கூடத்தையும் சேர்த்து நீரிணை என்று சொல்லிவிடுகிறோம். செய்தித்தாளும் அப்படித்தான் எழுதுகிறது, நானும் திருத்தாமல் விட்டிருக்கிறேன். பெரிய குற்றம் இல்லை. ஆனால் மகள் வரைபடத்தில் குறிக்கும்போது கோடியக்கரைக்கு நேர் எதிரே குறிக்கச் சொல்லுங்கள். ராமேசுவரத்தை ஒட்டிக் குறித்தால் அது கூடம்.

கூடம் என்றேனே, ஆழம் இல்லாத கூடம். பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்குள். பின்வாசலில் சில இடத்தில் ஆள் நின்றால் தலை தெரியும். அதனால்தான் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் கப்பல் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகிறது. வழியை வெட்டிவிடலாம் என்று 1860இல் டெய்லர் என்ற கடற்படை அதிகாரி திட்டம் கொடுத்தார். 2005இல் மதுரையில் சேதுசமுத்திரத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள், 2007இல் வழக்கில் நின்றது. கப்பல் இன்னும் சுற்றித்தான் போகிறது.

தக்கலையிலிருந்து போய்ப் பார்க்கலாமா என்றால், ராமேசுவரத்துக்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வாசலைப் பார்க்க வேண்டுமென்றால் அதையும் தாண்டிக் கோடியக்கரை. குடும்பத்தோடு போகலாம். ஒரே நாளில் திரும்ப முடியாது.

மார்ச் 10

வாசல் எது, பின்வாசல் எது என்று தெரிந்துகொண்டால் இன்னொரு வேடிக்கை. 1966இல் மிகிர் சென் இலங்கைக் கரையிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தார். பாக் நீரிணையை நீந்தியவர் என்று பெயர். என் வீட்டுக் கணக்கில் அவர் பின்வாசலை நீந்தினார். அதற்கு முன்பே, 1954இல், வல்வெட்டித்துறை நவரத்தினசாமி தம் ஊரிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தினார். அதுதான் முன்வாசல். இதைச் சொன்னால் என் அண்ணன், “நீ குளச்சல் பாலத்தடியில் நீந்து பார்ப்போம், எந்த வாசல் என்று பிறகு பேசலாம்” என்கிறார்.

மார்ச் 22

‘நீரிணை’ என்ற சொல்லைப் பற்றி ஒருவர் கேட்டார். நான் பள்ளியில் படித்தது ‘ஜலசந்தி’. தண்ணீர் சந்திக்கும் இடம். பிறகு அதைத் தமிழாக்கி நீரிணை என்றார்கள். இரண்டிலும் தண்ணீரும் தண்ணீரும் சேர்கின்றன.

என் பாட்டா திருவிதாங்கூர் காலத்தில் மலையாளத்தில் படித்தவர். அவருக்கு அது ‘கடலிடுக்கு’. மன்னார் வளைகுடாவையும் வங்காள விரிகுடாவையும் அவர் ‘உள்க்கடல்’ என்பார், இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். வளைவதும் விரிவதும் அவருக்கு வேற்றுமை இல்லை. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அண்ணன் ஒன்றாம் வகுப்பு மலையாளம், இரண்டாம் வகுப்பு தமிழ். வீட்டில் ஒரே கடலுக்கு இரண்டு பெயர். பாட்டா சாகும் வரை இடுக்கை விடவில்லை. “மக்களே, கரையில் நிற்கிறவனுக்கு அது இடுக்குதான். படகில் இருக்கிறவன் வேண்டுமானால் இணை என்று சொல்லட்டும்” என்றார் ஒருமுறை. அன்று சிரித்தேன். இப்போது யோசித்தால் அகராதியில் இதைவிட நல்ல விளக்கம் நான் திருத்திய எந்த நூலிலும் வந்ததில்லை.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. ‘நீரிணை’யில் மூன்று சுழி. இரண்டு சுழி போட்டால் ‘நீரினை’, அதாவது தண்ணீரை. ‘பாக் நீரினைக் கடந்தார்’ என்று விழுந்தால் யாரோ பாக்கு ஊறிய தண்ணீரைத் தாண்டிக் குதித்ததுபோல் இருக்கும்.

மார்ச் 23

தக்கலை வாசகரின் மகளே கேட்கிறாளாம்: விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் பாறைக்கும் நடுவில் உள்ளது நீரிணையா?

இரண்டு நிலம், நடுவில் ஒடுங்கிய தண்ணீர், இரு பக்கமும் பெரிய நீர்ப்பரப்பு. இலக்கணப்படி தடுக்க முடியாது! கடலில் நீர்மட்டம் இறங்கினால் வள்ளுவர் பாறைக்குப் படகு விடுவதில்லை, அடியில் பாறை தட்டும். ஆழமில்லாததால் கப்பல் போகாத சேதுவைப் போலவேதான். 2024 டிசம்பரில் 77 மீட்டருக்குக் கண்ணாடிப் பாலமும் போட்டுவிட்டார்கள். அங்கே ராமர், இங்கே கண்ணாடி. பெயர் வைக்கும் உரிமையை அந்தக் குழந்தைக்கே விட்டுவிடுகிறேன்.

ஏப்ரல் 7

நேற்றுப் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்தார்கள். 1914 பாலத்துக்குப் பக்கத்திலேயே, நடுவில் 72.5 மீட்டர் நீளத்துக்கு அப்படியே செங்குத்தாக மேலே தூக்கும் பகுதி. தேநீர்க் கடையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், “பாக் நீரிணை மேலேயே ரயில் போகிறது” என்றார். அது பாம்பன் கால்வாய் என்றேன். என் வீட்டுக் கணக்கில் கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவே ஒரு ஜன்னல். மண்டபம் ஒரு பக்கம், ராமேசுவரம் தீவு மறுபக்கம். ஜன்னலுக்கு மேலே ரயில்.

இதைச் சொன்னவன் சும்மா இருந்திருக்கலாம். அடுத்து வாய் நீண்டுவிட்டது. கடைக்காரர், “நம் கன்னியாகுமரிக்கு வருமா வே இந்தப் பெருமை? மூன்று கடலும் சேருகிற இடம்” என்றார். அப்படிக் கடல் எதுவும் அங்கே சேரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதற்கு ஆதாரம் உண்டு. சர்வதேச நீர்ப்பரப்பு அமைப்பு 1953இல் கடல்களுக்கு எல்லை போட்டது. அதன்படி வங்கக்கடலின் தெற்கு எல்லை இங்கே சேது, அதற்குப் பிறகு இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து கிழக்கே ஒரு கோடு. அரபிக்கடல் லட்சத்தீவுக்கு மேற்கே நின்றுவிடுகிறது. இந்தியப் பெருங்கடல் தேவேந்திரமுனையையும் மாலத்தீவின் தென்கோடித் தீவையும் இணைக்கும் கோட்டுக்குத் தெற்கே. நடுவில் மிஞ்சுவது முழுக்க லட்சத்தீவுக் கடல். மன்னார் வளைகுடாவும் அதற்குள். அந்தக் கணக்கில் கன்னியாகுமரி அம்மன் மூக்குத்தி வெளிச்சம் விழுவது ஒரே கடலில். மூன்றில் ஒன்றுகூட அங்கே இல்லை.

தக்கலை வாசகரின் இரண்டாவது கேள்விக்கும் இதுவே விடை. வங்கக்கடல் சேதுவோடு முடிகிறது, நீரிணை அதற்கு அந்தப் பக்கம். பத்து ரூபாய் தேநீருக்கு நான் அன்று கேட்ட வசவு அதிகம்.

ஏப்ரல் 8

வசவு இங்கும் தொடர்கிறது. “உம் அமைப்பு வருவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஆண்டாள் வங்கக்கடல் என்று பாடிவிட்டாள்” என்று ஒருவர்.

ஐயா, அது வேறு வங்கம். ‘வங்கக் கடல் கடைந்த’ என்றால் மரக்கலம் ஓடும் கடல். வங்கம் என்றால் கப்பல். கடைந்ததோ பாற்கடல். மார்கழி முப்பதாம் நாள் சுசீந்திரத்தில் எங்கள் அம்மை பாடும்போது நானும் சின்ன வயதில் கல்கத்தாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே உங்களைக் கேலி செய்யவில்லை.

ஏப்ரல் 19

கடற்கரையில் சத்தம் குறைந்துவிட்டது. பாதிச் சத்தம் மட்டும். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். மேற்குக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31. நம் மாவட்டம் ஒன்றுதான், தடை இரண்டு. சின்னமுட்டத்தில் படகைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். முட்டத்திலும் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் படகு போகிறது. ஜூன் முதல் இரண்டு வாரம் இருவருமே கரையில். அப்போது மீன் விலை கேட்டால் மனிதன் சைவமாகிவிடுவான்.

இதைப் பார்த்தபிறகு என் ஏப்ரல் 7 வீராப்பு கொஞ்சம் இறங்குகிறது. கடல் ஒன்றுதான் என்று நான் சொல்கிறேன். ஆனால் சின்னமுட்டத்துக்காரனின் அடுப்பு அணைந்திருக்கும்போது குளச்சலில் நெய்மீன் ஏலம் போகிறது. கோடு இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மாமாவிடம் கேட்டேன். வயது எண்பதை நெருங்குகிறது. இளவயதில் மண்டபத்தில் பன்னிரண்டு ஆண்டு தொழில் பார்த்தவர். பாக் நீரிணை என்ற சொல்லை அங்கே யாரும் சொல்லவே மாட்டார்களாம். பாம்பனுக்கு வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல். வடக்கே இருப்பது அடக்கமானது, தெற்கே இருப்பது முரட்டுக் கடல். ஆளுநர் பாக் என்று ஒருவர் இருந்த கதையைச் சொன்னேன். “அவர் எந்தக் கடலில் தொழில் பார்த்தார்?” என்று கேட்டார்.

ஏப்ரல் 20

மாமா காலையில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நேற்றுச் சொன்னது முழுதும் சரியில்லையாம்.

வாடைக் காலத்தில் பெண்கடல்தான் ஆடும், ஆண்கடல் குளம்போல் கிடக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் நேர்மாறு. அதனால் மண்டபத்தில் படகுகளைக் காற்றுக்கு ஏற்ப வடக்குக் கரைக்கும் தெற்குக் கரைக்கும் மாற்றிக் கட்டுவார்கள். “ஆண் எது பெண் எது என்று பெயர் சொல்லலாம். எப்போது கோபம் வரும் என்று பெயர் சொல்லாது” என்றார். திண்ணையில் கிடந்த பனையோலை விசிறியைத் தரையில் வைத்து, அதன் காம்பைப் பாம்பனாக்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று விரலால் படகை நகர்த்திக் காட்டினார். அந்த விரலில் தூண்டில் கயிறு அறுத்த தழும்பு ஒன்று குறுக்கே ஓடுகிறது. அதையே அவர் எல்லைக்கோடாக வைத்துக்கொண்டு பேசினார்.

ராமேசுவரத்தில் யாத்திரிகரைக் கவனிக்கும் பண்டாக்கள் அதே இரண்டு கடலை மகோததி, ரத்னாகரம் என்பார்கள். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தங்கள் காசிலேயே ‘சேது’ என்று தமிழில் பொறித்தார்கள். இந்தப் பக்கம் ராமநாதபுரத்து மன்னர் சேதுபதி. கரைக்கு ஒரு அரசர், ஆனால் இருவர் வாயிலும் சேது. அப்படியிருந்தும் வரைபடத்தில் ஏறியது நான்கு ஆண்டு ஆளுநராக இருந்தவர் பெயர். கோபம் வருகிறது என்று எழுத நினைத்தேன், வரவில்லை. அந்தப் பெயருக்கு ஏழு புள்ளி வைத்த பாவத்தை நானே செய்திருக்கிறேன்.

மே 11

அக்காள் பேரனைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனேன். ஒன்பது வயது. கல்மண்டபத்துப் பக்கம் மணல் விற்கிறவர் பிடித்துக்கொண்டார். பின் அடித்த சின்னப் பிளாஸ்டிக் உறை. உள்ளே அறை அறையாகக் கருப்பு மணல், சிவப்பு மணல், வெள்ளை மணல், ஓரத்தில் அரிசி போன்ற மணி. “ஐயா, இது அரபிக்கடல் மணல், இது வங்கக்கடல் மணல், இது இந்தியப் பெருங்கடல் மணல்.” அரிசியைக் கேட்டால் அம்மன் கல்யாணம் நின்றபோது சமைக்காமல் கொட்டிய அரிசி. சேவல் கூவிவிட்டது என்று சுசீந்திரத்து மாப்பிள்ளை பாதி வழியில் திரும்பிவிட்டார் அல்லவா, அந்தக் கல்யாணம்.

பேரன் உறையை வெயிலில் தூக்கிப் பிடித்து, கீழே குனிந்து, காலடி மணலை ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தான். ஒரே சிட்டிகையில் கருப்பும் சிவப்பும் வெள்ளையும் இருந்தன. “மூன்றும் இங்கேயே இருக்கிறதே தாத்தா.” கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். மேற்கே மணவாளக்குறிச்சியில் 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட் என்ற தாதுவைக் கண்டுபிடித்ததும் இதே கரை மணலில்தான். விற்கிறவர் என்னை முறைத்தார். பத்து ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன். அவர் பிழைப்பில் நான் எதற்கு மண் போட வேண்டும்?

மாலை வரை இருந்தோம். மேயில் சூரியன் வடக்கே ஒதுங்கிவிடுவதால் கடலுக்குள் விழவில்லை, பக்கத்து ஊரான கோவளத்துப் பக்கம் கரைக்குப் பின்னால் இறங்கியது. பேரனுக்கு ஏமாற்றம். ஆனால் காலையில் எழுந்ததைக் கடலில் பார்த்திருந்தான். “தையில் வந்தால் விழுவதும் கடலில் தெரியும்” என்றேன். சொல்லிவிட்டு எனக்கே சுருக்கென்றது.

ஏப்ரல் 7இல் எழுதியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். முக்கடல் என்று முதலில் சொன்னவன் வங்காளத்தையும் அரபு நாட்டையும் நினைத்துச் சொல்லியிருக்க மாட்டான். தமிழில் கடலுக்குத் திசைதான் பெயர். கிழக்கே குணகடல், மேற்கே குடகடல், தெற்கே தென்கடல். அந்த முனையில் நின்று மூன்று பக்கமும் திரும்பிப் பார்த்தால் மூன்றும் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. எழுகிற கடல் ஒன்று, விழுகிற கடல் ஒன்று, இரண்டும் இல்லாத ஒன்று. யாரோ பிற்பாடு குணகடலை வங்கக்கடல் என்றும் குடகடலை அரபிக்கடல் என்றும் மொழிபெயர்த்துவிட்டார்கள். பிழை அந்த மொழிபெயர்ப்பில். நான் மூலத்தையே அடித்துவிட்டேன். பிழைதிருத்துபவன் செய்யக்கூடாத வேலை.

தேநீர்க் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். “அதைத்தானே நானும் சொன்னேன்” என்றார். அவர் அதைச் சொல்லவில்லை. விட்டுவிட்டேன்.

மே 30

பாக் நீரிணைக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லையா என்று குளச்சலிலிருந்து ஒரு இளைஞர். சம்பந்தம் காகிதத்தில் உண்டு.

1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் பாக் நீரிணை முதல் ஆதாம் பாலம் வரை கடலில் எல்லை போட்டார்கள். என் வீட்டுக் கணக்கில், முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை கூடத்தை இரண்டாகப் பிரித்தார்கள். கச்சத்தீவு அந்தப் பக்கம் போயிற்று. அது எல்லோருக்கும் தெரியும், மேடைதோறும் கேட்கிறோம். 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக்கடலுக்கும் அந்தக் கோட்டை நீட்டினார்கள். அப்போது எழுதிக்கொண்ட கடிதங்களில் நம் ஊர் வருகிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்கு அடியில் உள்ள வாட்ஜ் பேங்க் என்ற மேடு இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள் என்று ஒப்புக்கொண்டார்கள். இலங்கைப் படகுகள் ஆறு மட்டும் மூன்று ஆண்டுக்கு அங்கே உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பிறகு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கலவாவும் விளமீனும் பெருத்த மேடு அது. குளச்சல் ஏலக்கூடத்தில் ஆள் தூக்க முடியாத கலவாவை இழுத்துப் போடுவதைப் பார்த்திருப்பீர்களே. கச்சத்தீவைப் பற்றிப் பேசுகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட வாட்ஜ் பேங்க் பற்றிப் பேசுவதில்லை. தீவு என்றால் வெளியே தெரிகிறது, கொடி நடலாம். மேடு தண்ணீருக்குள் கிடக்கிறது.

‘வாட்ஜ்’ யார் என்று அடுத்த கேள்வி வரும். வேண்டாம், ஒரு பாக்கே போதும்.

ஜூன் 8

தடை இரண்டும் சேர்ந்த வாரம். முட்டத்திலும் சின்னமுட்டத்திலும் விசைப்படகு இல்லை. கச்சான் நன்றாக ஏறிவிட்டது. காலை வானொலியில் வழக்கமான அறிவிப்பு: மன்னார் வளைகுடா, அதை ஒட்டிய குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக்காற்று, மீனவர்கள் செல்ல வேண்டாம்.

இத்தனை நாள் கேட்டும் காதில் ஏறவில்லை. குமரிக்கடல்! லட்சத்தீவுக் கடல், வங்கக்கடல், அரபிக்கடல் என்று மூன்று மாதமாக நாம் இங்கே பிய்த்துக்கொண்டிருக்கிறோம். வானிலை ஆய்வு மையம் தினமும் காலையும் மாலையும் நம் கடலை அதன் பெயர் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. சிலப்பதிகாரம் தமிழ்நாட்டுக்குத் தெற்கெல்லை சொல்லும்போது ‘தொடியோள் பௌவம்’ என்கிறது. வளை அணிந்தவள் கடல். குமரியின் கடல். அதே பெயர்தான் வானொலியில் வருகிறது, கூடவே மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று சேர்த்துக்கொள்கிறார்கள்.

மாமாவிடம் சொன்னேன். அவர் வேறு எதையோ நினைத்தார். 2017 நவம்பர் 30. ஒக்கி புயலாக மாறியது குமரிக்கடலில்தான். தூத்தூர்ப் பக்கத்துப் படகுகள் அப்போது இங்கே இல்லை. அவர்கள் சூறை மீனுக்கும் சுறாவுக்கும் லட்சத்தீவுக்கு அப்பால், எட்டு டிகிரி வரைக்கும் போகிறவர்கள். எட்டு டிகிரி என்றால் மினிக்காய்க்கும் மாலத்தீவுக்கும் நடுவில் உள்ள கால்வாய். நம் கன்னியாகுமரியும் ஏறத்தாழ எட்டு டிகிரியில்தான் இருக்கிறது. நேர் மேற்கே விட்டால் அங்கே போய்ச் சேரலாம். அவர்களும் அந்தக் கடலைப் பெயரால் சொல்வதில்லை, எண்ணால்தான் சொல்வார்கள். புயலும் அதே வழியில் அவர்கள் பின்னாலேயே போயிற்று. கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் எட்டாத தூரம்.

“குமரிக்கடல் என்று சொன்னார்கள். பிள்ளைகள் குமரிக்கடலில் இல்லை” என்றார் மாமா. அதற்கு மேல் பேசவில்லை. மாமி காப்பி கொண்டுவந்தார்.

ஜூன் 9

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். திருத்த ஒன்றும் இல்லை.

ஜூன் 16

சின்னமுட்டத்தில் நேற்றுப் படகு இறங்கியிருக்கிறது. குளச்சல் இன்னும் ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டும். பேரன் தொலைபேசியில், “தாத்தா, இப்போது வங்கக்கடலில் மீன் பிடிக்கலாம், அரபிக்கடலில் பிடிக்கக்கூடாது, அப்படித்தானே?” என்று கேட்டான். திசை சொல்லிக் கேள் என்றேன். யோசித்து, “எழுகிற பக்கம் பிடிக்கலாம்” என்றான்.

தக்கலை வாசகர் எழுதியிருக்கிறார். ஆண்டுத் தேர்வில் மகள் நீரிணையைக் கோடியக்கரைக்கு எதிரே சரியாகக் குறித்து முழு மதிப்பெண் வாங்கினாளாம். பக்கத்தில் பெயரையும் எழுதியிருக்கிறாள்: ‘பாக் நீரினை’. ஆசிரியர் கவனிக்கவில்லை. பிறகு என் பக்கத்தையே தேடிப் பார்த்திருக்கிறார்கள். மார்ச் 9 குறிப்பில் நானும் ஓரிடத்தில் இரண்டு சுழிதான் போட்டிருந்தேன். இப்போது மாற்றிவிட்டேன். இனி யாரும் தேட வேண்டாம்.